கையால எழுதின உயிலுக்கு நோட்டரி சீல் மட்டும் இருந்தா போதுமா?

ரிட்டயர்டு டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா இந்த ஒரு விஷயம் மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டு இருக்கு, யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்னு சொல்றாங்க, அதான் விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்வீங்கன்னு எழுதறேன். கொஞ்சம் நீளமா போயிட்டா மன்னிச்சுக்கோங்க.

எனக்கு 64 வயசு, ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன், வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டு பொண்ணு, ஒரு பையன். இப்ப இருக்கற வீடு என் சம்பளத்துல லோன் போட்டு நானே வாங்கினது, பத்திரம் என் பேர்ல மட்டும்தான். அதை சின்னவளுக்கு குடுக்கணும்னு முடிவு பண்ணியிருக்கேன். அவங்கப்பா படுக்கையில கிடந்த ரெண்டு வருஷமும் வேலையை விட்டுட்டு வந்து பாத்துக்கிட்டது அவதான், இன்னைக்கு வரைக்கும் அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்ல. பேங்க் டெபாசிட் பெரியவளுக்கும் பையனுக்கும், நகை மூணு பேருக்கும். யாருக்கும் மனசுல வருத்தம் நின்னுடக்கூடாதுன்னு, ஏன் இப்படி பிரிச்சேன்னு காரணத்தையும் உள்ளயே எழுதியிருக்கேன். வக்கீல் வச்செல்லாம் எழுதல, நானே உக்காந்து நாலு பக்கம் என் கைப்பட எழுதினேன்.

எழுதி முடிச்சு ஒரு நோட்டரிகிட்ட எடுத்துட்டுப் போனேன். பேரைக் கேட்டார், ஆதாரைப் பாத்தார், கடைசிப் பக்கத்துல அவர் முன்னாடி கையெழுத்து போடச் சொன்னார், நாலு பக்கத்துலயும் சீல் குத்தி அவரும் கையெழுத்து போட்டு, அவரோட ரிஜிஸ்டர்ல ஒரு நம்பர் எழுதி குடுத்துட்டார். பத்து நிமிஷம்கூட ஆகல. சாட்சி யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

இப்ப குழப்பம் என்னன்னா, ஜெர்மனியில இருக்கற பையன் சொல்றான், "கையால எழுதி கையெழுத்து போட்டாலே போதும்மா, நோட்டரியே வேணாம், இங்கெல்லாம் அப்படித்தான்"னு. கூட வேலை பாத்த டீச்சர் ஒருத்தங்க ரிஜிஸ்டர் பண்ணாத உயில் வெறும் காகிதம்னு சொல்றாங்க. பெரிய மாப்பிள்ளை சொல்றார் நோட்டரி சீல் இருந்தா கோர்ட்டே கேள்வி கேக்காதுன்னு. மூணு பேரும் அவ்வளவு உறுதியா சொல்றாங்க, எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. நான் போனப்புறம் பிள்ளைங்க கோர்ட்டு வாசல்ல நிக்கக்கூடாது, அது ஒன்னுதான் எனக்கு வேணும். எது சரின்னு சொல்லுங்க.


குமாஸ்தா:

அம்மா வணக்கம். நான் வக்கீல் இல்ல, ஒரு வக்கீல் ஆபீஸ்ல 20 வருஷத்துக்கு மேல குமாஸ்தாவா இருக்கேன், உயில் கேஸ் கட்டு நிறைய பாத்தாச்சு, அந்த அனுபவத்துல சொல்றேன். நேரா விஷயத்துக்கு வந்துடறேன், மனசு கஷ்டப்படாதீங்க. உங்க கையில இப்ப இருக்கற பேப்பர் இந்தியச் சட்டப்படி உயிலா நிக்காது. சீல் இருக்கு, நம்பர் இருக்கு, ஆனா ரெண்டு சாட்சி இல்ல.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63, இதுதான் இங்க எல்லாம். அது கேக்கறது மூணே மூணு விஷயம். எழுதினவர் கையெழுத்தோ கைநாட்டோ போடணும், அது இந்த எழுத்தை உயிலா செல்ல வைக்கறதுக்காக போட்டதுன்னு தெரியற இடத்துல இருக்கணும், குறைஞ்சது ரெண்டு சாட்சி அவர் போட்டதை கண்ணால பாத்திருக்கணும், இல்ல "இது என் கையெழுத்துதான்"னு அவர் வாயால சொல்லக் கேட்டிருக்கணும், பாத்துட்டு அந்த சாட்சி ஒவ்வொருத்தரும் அவர் முன்னாடியே தன் கையெழுத்தைப் போடணும். ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஒரே நேரத்துல இருந்துட்டா பின்னாடி பேச்சே வராது. நோட்டரிங்கற வார்த்தையே அந்தப் பிரிவுல கிடையாது. முத்திரைத்தாளும் வேணாம், வெள்ளைத்தாள் போதும். முஸ்லிம்களுக்கு இது வேற, அவங்களுக்கு இந்தப் பிரிவு வராது, வாய்மொழியா சொன்னாக்கூட செல்லும், ஆனா கடனும் அடக்கச் செலவும் போக மூணுல ஒரு பங்குக்கு மேல வாரிசுங்க சம்மதம் இல்லாம எழுதி வைக்க முடியாது.

நோட்டரி என்ன பண்றார்னு புரிஞ்சுக்கிட்டா குழப்பம் பாதி தீரும். இன்னார்தான் வந்தாங்க, இந்தத் தேதியில என் முன்னாடி கையெழுத்து போட்டாங்க, அவ்வளவுதான் அந்த சீலுக்கு அர்த்தம். உள்ள எழுதினது சட்டப்படி சரியா, சாட்சி சரியா இருக்கானு பாக்கறது அந்த சீலோட வேலையே இல்ல. ரொம்ப இழுத்துப் பிடிச்சா அவரை ஒரு சாட்சின்னு வாதாடலாம், அப்பவும் ரெண்டாவது ஆள் எங்கனு கேள்வி வரும்.

உங்க பையன் சொன்னதும் பொய் இல்ல. ஜெர்மன் சிவில் சட்டத்துல பிரிவு 2247, முழுக்க சொந்தக் கையால எழுதி கையெழுத்து போட்டா சாட்சியே இல்லாம செல்லும். பிரான்ஸ்லயும் அப்படித்தான், அங்க தேதியும் சொந்தக் கையால இருக்கணும், பிரிவு 970. ஆனா உங்க வீடு இங்க இருக்கு, அது அந்த ஊர் சட்டத்துல வராது. இங்க கையால எழுதினாலும் டைப் அடிச்சாலும் ஒன்னுதான், கைப்பட எழுதினதுனால சாட்சிக்கு விலக்கு கிடையாது. கையெழுத்தைப் பத்தி சந்தேகம் வந்தா ஒத்துப் பாக்க உதவும், அது ஒன்னுதான் லாபம்.

ரிஜிஸ்ட்ரேஷன் விஷயத்துல உங்க டீச்சர் சொன்னது தப்பு. 1908 பதிவுச் சட்டம் பிரிவு 18-ல உயில் விருப்பப்பட்டா பதியற லிஸ்ட்ல இருக்கு. பதியாத உயிலும் முழுசா செல்லும். ஆனா நான் யார் கேட்டாலும் பதியத்தான் சொல்வேன், ஏன்னா நகல் ஆபீஸ் புக்ல ஏறிடும், யாராவது ஒளிச்சு வச்சாலும் எரிச்சுட்டாலும் அது அங்க இருக்கும். எந்த சார்பதிவாளர் ஆபீஸ்லயும் பதியலாம், எப்ப வேணா பதியலாம், காலக்கெடு கிடையாது.

ஒன்னு ஞாபகம் வைங்க. பதிஞ்ச உயிலா இருந்தாலும் கோர்ட்டுல ரெண்டு சாட்சியில உயிரோட இருக்கற ஒருத்தராவது வந்து கூண்டுல ஏறி சொன்னாத்தான் அது நிரூபணம். பழைய சாட்சியச் சட்டத்துல 68-ம் பிரிவா இருந்தது, 2024 ஜூலை 1-ல இருந்து வந்த புது சட்டத்துல 67. அதனால ரிஜிஸ்ட்ரேஷன், நோட்டரி ரெண்டையும் விட சாட்சிதான் முக்கியம்.


நடுப்பிள்ளை:

டீச்சரம்மா, குமாஸ்தா அண்ணன் சாட்சியைப் பத்தி சொன்னதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க, எங்க வீட்ல அதுலதான் எல்லாம் போச்சு.

எங்கப்பா நிலத்துல பெரிய பங்கை அக்காவுக்கு எழுதி வச்சார். அக்கா வீட்டுக்காரர் இல்ல, ரெண்டு சின்னப் பசங்க, அப்பாவுக்கு அந்தக் கவலை கடைசி வரைக்கும் இருந்தது. உயில் நல்லா டைப் பண்ணி, பக்கத்துக்கு பக்கம் கையெழுத்து, எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. கையெழுத்து போட்ட அன்னைக்கு நானும் வீட்ல இருந்தேன். அப்பா கட்டில்ல சாஞ்சு உக்காந்து மடியில ஒரு பரீட்சை அட்டை வச்சு அது மேல வச்சு போட்டார், கை நடுங்குச்சு, மூணாவது பக்கத்துல பேனா வழுக்கி ஒரு கோடு இழுத்துடுச்சு. முதல் சாட்சி எங்க மாமாவோட நண்பர், கட்டில் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டு போட்டார். ரெண்டாவது சாட்சி பக்கத்து வீட்டுக்காரர், அவர் வரதுக்குள்ள அப்பா அசந்து தூங்கிட்டார். எழுப்ப வேணாம்னு நாங்களே சொன்னோம். பேப்பரை வாசலுக்கு எடுத்துட்டுப் போய், அவர் வண்டியில உக்காந்தபடியே சீட்டு மேல வச்சு கையெழுத்து போட்டுட்டு போயிட்டார். அதுல ஒரு தப்பு இருக்குன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல.

அப்பா போய் ஒரு வருஷத்துல சித்தப்பா வழியில கேஸ் வந்துச்சு, அண்ணனும் அந்தப் பக்கம் சேந்துட்டான். முதல் சாட்சி அதுக்குள்ள தவறிட்டார். இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்தான். கூண்டுல நிக்க வச்சு எதிர்க்கட்சி வக்கீல் கேட்டது ஒரே கேள்வி, நீங்க கையெழுத்து போடும்போது அவர் எங்க இருந்தார்னு. அந்த மனுஷன் உண்மையைச் சொன்னார், "உள்ள படுத்திருந்தார், நான் வாசல்ல வச்சு போட்டேன்". அப்பா போட்டதை நீங்க பாத்தீங்களான்னு அடுத்து. இல்லன்னார். அவ்வளவுதான், உயில் நிரூபிக்கப்படலன்னு தீர்ப்பு. அப்பா கையெழுத்து உண்மைன்னு எல்லாருக்கும் தெரியும், எதிர்த்தவங்களுக்கே தெரியும், ஆனா ஒன்னும் பண்ண முடியல. நிலம் சமமா பிரிஞ்சது. ஏழு வருஷம் ஓடிப்போச்சு. என் பங்கை அக்காவுக்கு எழுதிக் குடுத்துட்டேன், அண்ணன் குடுக்கல.

அன்னைக்கு ஒரு அரை மணி நேரம் காத்திருந்து அப்பா முழிச்சதும் அவரை உள்ள கூப்பிட்டிருந்தா போதும். அதை நெனைக்காத நாள் இல்ல.


கடலோரம்:

ரீச்சர், இலங்கையில இருந்து எழுதுறன். நோட்டரி முக்கியமில்லை எண்டு இதை வாசிச்சிட்டு எங்கட ஆக்கள் யாரும் அப்பிடியே எடுத்துப்போடக் கூடாது, அதுக்காகத்தான் எழுதுறன், ஏனெண்டால் இங்க கதை வேற. எங்கட நொத்தாரிஸ் எண்டால் அவர் ஒரு சட்டத்தரணி, உறுதி (பத்திரம்) முடிக்கிறதே அவர்தான். 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டம் நாலாம் பிரிவின்படி மரணசாசனம் (உயில்) எண்டால் நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்தில இருக்க கையொப்பம் வைக்க வேணும். நொத்தாரிஸ் இல்லாமல் செய்யிறதெண்டால் அஞ்சு சாட்சி வேணும், அஞ்சு பேரும் ஒண்டா இருக்க வேணும். எங்கட பெரியம்மா கொப்பித் தாளில எழுதி ரெண்டு பேரிட்ட கையொப்பம் வாங்கி வச்சிருந்தவ, இந்தியாவில இருக்கிற சொந்தக்காரர் ஆரோ ரெண்டு சாட்சி போதும் எண்டு சொன்னதாம். அது ஒண்டுக்கும் உதவேல்லை. அவ செத்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

அதால ரீச்சர், உங்கட மகன் ஜெர்மனியில கேட்டதும் சரி, உங்கட மருமகன் நோட்டரி எண்டு சொன்னதும் எங்கயோ ஒரு இடத்தில சரி. சொத்து எந்த நாட்டில இருக்கு எண்டு பாத்து அந்த நாட்டு முறைப்படி செய்ய வேணும். ரெண்டு நாட்டில காணி இருந்தால் ரெண்டு சாசனம் தனித்தனியா எழுதுறது நல்லம், ஆனா ரெண்டாவதில "முந்தி எழுதினது எல்லாம் ரத்து" எண்டு பொதுவா எழுதிப்போட்டால் முதலாவதும் சேர்ந்து அழிஞ்சு போகும், அந்த வசனத்தில கவனமா இருங்கோ.


ரிட்டயர்டு டீச்சர்:

தம்பி குமாஸ்தா, நடுப்பிள்ளை, கடலோரம், மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நடுப்பிள்ளை எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்ப்பா. உங்க பங்கை அக்காவுக்கு குடுத்தீங்களே, அப்பா ஆசையில ஒரு பாதியாவது நடந்துச்சு.

இன்னும் சில சந்தேகம். சாட்சிக்கு யாரைப் போடலாம், பெரிய மாப்பிள்ளை நானே போடறேன்னு சொல்றார், அவர் மனசு நோகாம வேணாம்னு சொல்ல காரணம் வேணும். ரெண்டாவது பக்கத்துல ஒரு எடத்துல பவுன் கணக்கை தப்பா எழுதி அடிச்சு மேல சரியா எழுதியிருக்கேன், அது பரவாயில்லையா. டெபாசிட்டுக்கு நாமினி பையன் பேர் மட்டும் இருக்கு, ஆனா உயில்ல பெரியவளுக்கும் பாதின்னு எழுதியிருக்கேன். எழுதினதை எங்க வைக்கறது, பேங்க் லாக்கர்தானே பத்திரம்?


குமாஸ்தா:

ஒவ்வொன்னா சொல்றேன்ம்மா.

மாப்பிள்ளையைப் போடாதீங்க. பெரியவளுக்கு டெபாசிட் போகுது, அவங்க வீட்டுக்காரர் சாட்சி. 1925 சட்டத்துல பிரிவு 67 சாட்சிக்கோ சாட்சியோட கணவன் மனைவிக்கோ எழுதி வச்சது செல்லாதுன்னு சொல்லுது. அந்தப் பிரிவு இந்துக்களுக்கு வராது, இந்துக்களுக்கு எந்தெந்தப் பிரிவு வரும்னு சொல்ற மூணாவது அட்டவணையில அது சேரல, ஆனா சட்டம் விட்டாலும் எதிர்க்கட்சி விடாது, முதல் கேள்வியே அதுதான் வரும். அவர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க, "நீங்க கையெழுத்து போட்டா உங்க வீட்டுக்காரி பங்குக்குத்தான் கேள்வி வரும்"னு, புரிஞ்சுக்குவார். பங்கு எதுவும் வாங்காத, உங்களை விட ஒரு இருபது வயசாவது சின்னவங்களா, ஊரை விட்டு அடிக்கடி மாறாதவங்களா ரெண்டு பேரைப் பாருங்க. நடுப்பிள்ளை வீட்ல முதல் சாட்சி தவறினதைப் பாத்தீங்கல்ல. சாட்சி உயிலைப் படிக்கணும்னு அவசியமே இல்ல, உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு தெரிய வேணாம், நீங்க போடறதைப் பாத்தா போதும். அவங்க முழுப்பேர், அப்பா பேர், விலாசம் எல்லாம் தெளிவா எழுதச் சொல்லுங்க. உங்களுக்கு ட்ரீட்மென்ட் குடுக்கற டாக்டர் ஒருத்தர் சாட்சியா வந்தா ரொம்ப நல்லது, அப்ப நல்ல நினைவோட இருந்தாங்கன்னு அவரே சொல்லிடுவார்.

கையெழுத்து போடற நேரத்துல சின்னவ அந்த ரூம்ல இருக்க வேணாம். இதை நான் அழுத்திச் சொல்றேன். 1958-ல வெங்கடாசல ஐயங்கார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதைத்தான் இன்னைக்கும் எல்லா கோர்ட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதிகமா வாங்கறவங்களே முன்ன நின்னு உயிலை எழுத வச்சா அது சந்தேகத்துக்கு இடம், அந்த சந்தேகத்தைத் தீர்க்கற பொறுப்பு உயிலைக் கொண்டு வர்றவங்களுக்குத்தான். உங்க பொண்ணு நல்லவ, அதுக்காகத்தான் சொல்றேன், அவளைக் கூண்டுல நிக்க வைக்காதீங்க. ஏன் அவளுக்கு வீடுன்னு காரணம் எழுதினீங்க பாருங்க, அது நல்ல காரியம், அதை எடுக்காதீங்க.

அடிச்சு எழுதின பக்கத்தை அப்படியே விடாதீங்க, புதுசா எழுதிடுங்க. கையெழுத்தெல்லாம் ஆனப்புறம் திருத்தினா அந்தத் திருத்தத்துக்கு பக்கத்துல நீங்களும் சாட்சிங்களும் திரும்ப கையெழுத்து போட்டாத்தான் செல்லும், பிரிவு 71. எப்படியும் இந்த நாலு பக்கத்தையே நீங்க ரெண்டு சாட்சிகிட்ட காட்டி "இது என் கையெழுத்து"ன்னு சொல்லி அவங்களைப் போட வச்சா சட்டப்படி ஏத்துக்க வழி இருக்கு, ஆனா நோட்டரி தேதி ஒன்னு சாட்சி தேதி ஒன்னுன்னு இருந்தா அதுலயே நாலு கேள்வி வரும். சுத்தமா புதுசு எழுதறதுதான் நல்லது. எழுதும்போது இது மூணும் இருக்கானு பாருங்க. முன்னாடி எழுதினது எல்லாம் ரத்துன்னு ஒரு வரி. இதை நிறைவேத்தப் போறவர், அதாவது எக்ஸிகியூட்டர் யாருன்னு ஒரு பேர், அவரால முடியலன்னா இன்னொருத்தர் பேர். அப்புறம் பலர் மறந்துடறது, இதுல சொல்லாம விட்டதும் இனிமே எனக்கு வரப்போறதும் யாருக்குன்னு. பென்ஷன் அரியர்ஸ் வரும், பேங்க்ல சில்லறையா ஏதாவது கிடக்கும், அதுக்கு ஒரு வரி இல்லன்னா அந்தத் துண்டுக்காக மட்டும் வாரிசு சர்டிபிகேட்டுக்கு அலையணும்.

நாமினி விஷயம். நாமினிங்கறவர் பணத்தை வாங்கி வச்சுக்கற கைதான், சொந்தக்காரர் இல்ல. 1984-ல இன்சூரன்ஸுக்கு சர்பதி தேவி வழக்குலயும் (இன்சூரன்ஸுக்கு மட்டும் 2015-ல சட்டம் மாறிடுச்சு), 2023-ல கம்பெனி ஷேருக்கும் சுப்ரீம் கோர்ட்டு இதைத்தான் சொல்லியிருக்கு. பேங்க் உங்க பையன்கிட்ட குடுத்துடும், அவர் உயில்படி அக்காவுக்கு பாதி குடுக்கணும். ஆனா ஏன் அந்த சங்கடம், டெபாசிட்டை ரெண்டாப் பிரிச்சு ஒன்னுக்கு பையன், ஒன்னுக்கு பெரிய பொண்ணுன்னு நாமினியை மாத்திடுங்க, உயிலும் நாமினியும் ஒன்னையே சொல்லட்டும்.

உங்க பேர்ல மட்டும் இருக்கற லாக்கர்ல வைக்காதீங்க. உயிலைக் காட்டினாத்தான் லாக்கர் திறக்கும், லாக்கரைத் திறந்தாத்தான் உயில் கிடைக்கும்னு ஆகிடும், ரெண்டு குடும்பம் இதுல மாசக்கணக்கா நின்னதை நேர்ல பாத்தேன். பதிஞ்சுட்டா ஒரிஜினல் எங்க இருக்குன்னு எக்ஸிகியூட்டருக்கு சொல்லி வீட்லயே வைங்க. யாருக்கும் தெரியவே வேணாம்னா மாவட்டப் பதிவாளர்கிட்ட சீல் வச்ச கவர்ல டெபாசிட் பண்ற வழியும் பதிவுச் சட்டத்துலயே இருக்கு, பிரிவு 42, உயிரோட இருக்கற வரைக்கும் நீங்க திரும்ப வாங்கிக்கலாம். நடக்க முடியாதவங்களுக்கு அதிகாரி வீட்டுக்கே வந்து பதியவும் 31-ம் பிரிவு இருக்கு, உங்களுக்கு இப்ப தேவைப்படாது, படிக்கற வேற யாருக்காவது உதவும்.


பனிக்காலம்:

கனடாவுல இருந்து. கைப்பட எழுதினதைப் பத்தி பேச்சு வந்ததால ஒன்னு சொல்லணும். இங்க 1948-ல சஸ்காட்செவன் மாகாணத்துல ஒரு விவசாயி டிராக்டருக்கு அடியில மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா கிடந்தார், கையில இருந்த பேனாக்கத்தியால டிராக்டர் மட்கார்டு தகட்டுல எல்லாம் மனைவிக்குன்னு கீறி பேரையும் போட்டார். அவர் இறந்தப்புறம் அந்தத் தகட்டையே அறுத்து எடுத்து கோர்ட்டு உயிலா ஏத்துக்கிட்டுச்சு, இன்னைக்கும் அது சஸ்காட்செவன் பல்கலைக்கழக சட்டக் கல்லூரியில இருக்கு. ஒன்டாரியோலயும் முழுக்க சொந்தக் கையால எழுதி கையெழுத்து போட்டா சாட்சி வேணாம். ஆனா அதே கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல ரெண்டு சாட்சி வேணும், இல்லன்னா கோர்ட்டுக்குப் போய் ஏத்துக்கச் சொல்லி கெஞ்சணும். ஒரே நாட்டுக்குள்ளயே இப்படி. அமெரிக்காவுல லூசியானாவுல நோட்டரியும் ரெண்டு சாட்சியும் சேந்து இருந்தா ஒரு வகை, கொலராடோவுல சாட்சிக்கு பதிலா நோட்டரி முன்னாடி போட்டாலே செல்லும், மத்த நிறைய மாநிலத்துல சாட்சிங்க ஒரு பிரமாணம் எழுதி நோட்டரி முன்னாடி போட்டு வச்சா அவங்க பின்னாடி கோர்ட்டுக்கு வர வேண்டாம், அதுக்குத்தான் நோட்டரி. உங்க மாப்பிள்ளைக்கு யாராவது அங்க இருந்து சொல்லியிருப்பாங்க.

வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க நம்ம அப்பா அம்மாவுக்கு போன்ல சட்டம் சொல்றதுக்கு முன்னாடி யோசிக்கணும், நானும் எங்கம்மாவுக்கு இப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன், இன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டு மாத்திச் சொல்லப் போறேன்.


தேம்ஸ் காத்து:

சின்ன விஷயம், ஆனா சொல்லிடறேன். ஒரிஜினலுக்கு ஸ்டேப்ளர் பின் அடிச்சப்புறம் ஜெராக்ஸ் எடுக்கறதுக்காக அதைக் கழட்டாதீங்க. நான் இங்கிலாந்துல சொலிசிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், ஓரத்துல பழைய பின் ஓட்டை இருந்தாலே நடுவுல ஒரு பக்கத்தை உருவி மாத்தினாங்களான்னு ப்ரோபேட் ஆபீஸ்ல, அதாவது உயிலை சரிபாத்து ஏத்துக்கற எடத்துல, விளக்கம் கேப்பாங்க. பக்கத்தை மடக்கி வச்சே காப்பி எடுங்க. கிளிப்பும் மாட்டாதீங்க, துரு பிடிச்சு தடம் விழும். எல்லா பக்கத்துலயும் "5-ல் 1", "5-ல் 2"ன்னு நம்பர் போட்டு கீழ கையெழுத்து போட்டுடுங்க. இங்க 1837 சட்டப்படி ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல கூடவே இருக்கணும், சாட்சிக்கு எழுதினது செல்லாது, கல்யாணம் பண்ணா பழைய உயில் தானா ரத்து. இங்க இருக்கற நம்ம ஆளுங்க இதை கவனிங்க.


ரிட்டயர்டு டீச்சர்:

எல்லாருக்கும், முடிச்சுட்டேன். மூணு வாரம் ஆச்சு, அதான் எழுத லேட்.

புதுசா அஞ்சு பக்கம் எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம வரணும்னு ரெண்டு தடவை எழுத வேண்டியதாச்சு, நாலாவது பக்கத்துல மூக்குத்தி பத்தி எழுதும்போது கொஞ்சம் கை நின்னுடுச்சு, அது எங்கம்மா போட்டிருந்தது. சாட்சிக்கு என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, இப்ப 38 வயசு, பக்கத்துத் தெருவுலதான் இருக்கா, அப்புறம் எனக்கு பிரஷர் பாக்கற டாக்டர். சின்னவளைக் கடைக்கு அனுப்பிட்டேன். பெரிய மாப்பிள்ளைகிட்ட தம்பி சொன்ன மாதிரியே சொன்னேன், அவர் நல்ல மனுஷன், "அதுவும் சரிதான் அத்தை"ன்னு அன்னைக்கு வாசல்லயே பைக்கோட நின்னு டாக்டரைக் கொண்டுவந்து விட்டுட்டு போனார்.

ரெண்டு பேரையும் டேபிளுக்கு எதிர்ல உக்கார வச்சேன். இது என் உயில், என் இஷ்டப்படி எழுதியிருக்கேன், நான் போடறதைப் பாத்துட்டு நீங்க போடுங்கன்னு வாய்விட்டு சொன்னேன். மூணாவது பக்கம் போடும்போது டாக்டருக்கு போன் வந்துச்சு, எழுந்து ஜன்னல் பக்கம் போயிட்டார். நான் பேனாவை மூடி வச்சுட்டேன். அந்தப் பொண்ணு "போடுங்க டீச்சர், அவர் இங்கதானே இருக்கார்"னு சொன்னா. இல்லம்மா வரட்டும்னு சொன்னேன். எனக்கு நடுப்பிள்ளை வீட்டு வாசல்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அவர் பேசி முடிச்சு வந்து உக்காந்தப்புறம்தான் மிச்சத்தைப் போட்டேன், அவங்க ரெண்டு பேரும் என் முன்னாடியே போட்டாங்க, விலாசம் தேதி எல்லாம் அவங்க கையாலயே எழுதினாங்க.

எக்ஸிகியூட்டரா பையனைப் போடலாம்னு இருந்தேன், அவன் வந்து போக கஷ்டம்னு பெரியவளைப் போட்டு, ரெண்டாவதா அவன் பேரை எழுதினேன். டெபாசிட்டை ரெண்டாக்கி நாமினியும் மாத்தியாச்சு. பையன்கிட்ட அங்க சட்டம் வேற இங்க வேறன்னு பொறுமையா விளக்கினேன், கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நான் சொன்னதை நம்பி நீ விட்டிருந்தா என்னம்மா ஆயிருக்கும்"னான்.

வியாழக்கிழமை சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் கிடைச்சிருக்கு, அதே ரெண்டு பேரும் கூட வர்றாங்க. பழைய நாலு பக்கத்தை என்ன பண்றதுன்னு கேக்கலாம்னு இருந்தேன், அப்புறம் நானே கிழிச்சுட்டேன். நோட்டரி சீல் அழுத்தின இடத்துல காகிதம் தடிச்சு இருந்தது, அங்க மட்டும் ரெண்டு தடவை கிழிக்க வேண்டியிருந்தது.